பாப்-அப் கூரை ஒழுகினால் முதலில் வாங்க வேண்டியது சீலன்ட் அல்ல

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கேம்பர் வேனாக மாற்றப்பட்ட பழைய வேன் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கூரையை நீள்சதுரமாக வெட்டி, அதன்மேல் ஃபைபர் மூடி பொருத்தியிருக்கிறார்கள். பின்பக்கம் கீல், முன்பக்கத்தைத் தூக்கினால் கேன்வாஸ் சுவர் விரிந்து, மேலே இரண்டு பேர் படுக்கலாம். லாசுப்பேட்டையில் வீட்டு வாசலில் கூரையை மூடித்தான் நிறுத்துகிறீர்கள். ஆனாலும் ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மேல்படுக்கையின் வலது ஓரம் நனைகிறது. கடலூரிலிருந்து மழையில் ஓட்டி வந்தபோது முன்பக்கமும் சொட்டியது. உள்ளே படுத்துத் தூங்கிய சில நாட்களில் மழையே இல்லாமல் ஈரம். மூன்று முறை சிலிக்கான் அடித்துவிட்டீர்கள், நான்காவது முறைக்கு எந்த சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் வேண்டியது தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்ற பதில். அது தெரியாமல் எவ்வளவு விலையுள்ள டியூபை வாங்கினாலும் பணம் வீண். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு இருப்பது ஒரு ஒழுகல் அல்ல, மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் என்று நினைக்கிறேன்.

எந்த அனுபவத்தில் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடலூர் முதுநகரில் ஃபைபர் படகு வார்க்கும் பட்டறையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்கள் இருந்த இடத்தில் ஃபைபர் படகுகள் நிறைந்த காலம் அது. பிறகு புதுச்சேரியில் ஆம்புலன்ஸ், பள்ளி வேன், சுற்றுலா வேன் இவற்றின் கூரை வேலை. பாப்-அப் கூரைகள் என் கைக்கு வந்தவை இருபதுக்குள்தான் இருக்கும். எல்லாமே உங்களுடையதைப் போல் இங்கேயே வெட்டிப் பொருத்தியவை. தொழிற்சாலையிலிருந்தே அலுமினிய மூடியோடு வரும் வெளிநாட்டு வேன்களை நான் பிரித்துப் பார்த்ததில்லை. எனவே கீழே சொல்வதெல்லாம் ஃபைபர் மூடிக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மூடியின் உள்பக்கம் ரெக்சினோ துணியோ ஒட்டியிருப்பார்கள். அதற்கும் ஃபைபருக்கும் நடுவே விலா எலும்பைப்போல் குறுக்குச் சட்டங்கள் ஓடும். நுழைந்த தண்ணீர் சட்டத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு சரிவுப் பக்கமாக நகர்ந்துபோய், ஏதோ ஒரு திருகு முனையிலோ தையலிலோ தேங்கி அங்கே துளியாகும். இரண்டடி, மூன்றடி தள்ளிச் சொட்டுவது சர்வசாதாரணம். ஆகவே செலவே இல்லாத முதல் சோதனை இது: அடுத்த மழைக்கு முன் வேனை அதே இடத்தில் எதிர்த்திசை பார்த்துத் திருப்பி நிறுத்துங்கள். தெரு எப்போதும் சாக்கடைப் பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கும். ஈரம் இடது ஓரத்துக்கு மாறினால், தண்ணீர் சரிவைத் தேடி ஓடி வருகிறது. நுழைவாய் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். திருப்பிய பிறகும் வலது ஓரமே நனைந்தால், பெரும்பாலும் நுழைவாய் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. தேட வேண்டிய பரப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது குழாய்ச் சோதனை. இதற்கு இரண்டு பேரும் ஒரு முழுக் காலைப்பொழுதும் வேண்டும். வேன் உள்ளும் புறமும் காய்ந்திருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை வேனுக்குக் கொடுத்திருந்தால் கழற்றிவிடுங்கள். மெத்தையை எடுத்துவிட்டு, உள்கூரைத் துணியின் ஓரங்களை முடிந்த அளவு விலக்குங்கள். வெறும் ஃபைபர் தெரியும் இடங்களில் முகப்பவுடரைப் பஞ்சில் தொட்டு மெல்லியதாகப் பூசுங்கள். ஒரே ஒரு துளி ஓடினாலும் பவுடரில் கோடு விழும். அந்தக் கோட்டைக் கண்ணால் பின்தொடர்ந்து மேலே போனால் அது தொடங்கும் இடம் கிடைக்கும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுத்திருக்க, மற்றவர் வெளியிலிருந்து ரப்பர் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். குழாய் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சக் கூடாது. வாட்டர் சர்வீஸ் நிலையத்து வேகத்தில் அடித்தால் நல்ல பீடிங் (மூடி வந்து அழுந்தும் ரப்பர் பட்டை) வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். அதை நம்பி நல்ல இடத்தைப் பிரித்துக் கெடுத்துவிடுவீர்கள்.

இந்தச் சோதனையில் வரிசைதான் முக்கியம்: கீழிருந்து மேலே. முதலில் வேனின் சொந்தக் கூரை விளிம்பு, அதன் பிறகு ஃபைபர் மூடியின் கீழ் விளிம்பு, அடுத்து கீல், கடைசியாக மூடியின் மேலுள்ள திருகுகள், சோலார் பலகையின் கால்கள், கேபிள் இறங்கும் துளை. மேலே தொடங்கினால் எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. ஓரிடத்துக்குப் பத்து நிமிடமாவது கொடுங்கள். பலர் இரண்டு நிமிடம் ஊற்றிப் பார்த்து 'இங்கே இல்லை' என்று நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளே சுற்றி வரும் தண்ணீருக்கு அந்த நேரம் போதாது. அருகருகே இரண்டு இடங்கள் மேல் சந்தேகம் வந்தால், ஒரு குவளைத் தண்ணீரில் சில துளி சொட்டு நீலம் கலந்து ஓரிடத்தில் மட்டும் ஊற்றுங்கள். உள்ளே வருவது நீலமாக இருந்தால் வழக்கு முடிந்தது. கேன்வாஸ் அருகே மட்டும் இதைச் செய்ய வேண்டாம், கறை நிற்கும்.

ஏசி புளோயரை வெளிக்காற்று நிலையில் முழு வேகத்தில் ஓடவிட்டு, கதவு, ஜன்னல்களைச் சாத்தி, வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஒழுகும் இடத்தில் குமிழி வரும் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான், கதவு ரப்பர் நன்றாக இருக்கும் வேன்களில் நானே பார்த்திருக்கிறேன். பழைய வேனில் காற்று வேறு நூறு வழிகளில் போய்விடும். அங்கே குமிழி வந்தால் நம்பலாம்; வரவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

இப்போது உங்கள் வலது ஓரத்துக்கு வருகிறேன். படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த ஒரு வேன். அதிலும் கூரை மூடியிருக்கும்போது மட்டுமே ஈரம். விசித்திரம் என்னவென்றால், கூரையைத் தூக்கி வைத்திருந்தபோது பெய்த மழையில் உள்ளே ஒரு சொட்டு இல்லை. உரிமையாளர் கீல் முழுக்கச் சிலிக்கான் அப்பியிருந்தார். நான் அரைநாள் தண்ணீர் விட்டேன். பவுடரில் ஒரு கோடுகூட விழவில்லை, எங்கும் சொட்டவில்லை. ஆனால் இருபது நிமிடம் கழித்துக் கை வைத்தால் படுக்கை ஓரம் ஈரம். கடைசியில் ரப்பர் பீடிங்கின் மேல் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தபோது, ஓரிடத்தில் ரப்பருக்குப் பதிலாகத் துணி தட்டுப்பட்டது. கேன்வாஸின் மடிப்பு ஒன்று, இரண்டு விரல் அகலத்துக்கு, மூடிக்கும் பீடிங்குக்கும் நடுவே சிக்கி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அகல் விளக்கின் திரி எண்ணெயை இழுப்பதைப் போல, அந்த மடிப்பு மழைநீரை இரவெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஓட்டையே இல்லாத ஒழுகல் அது. எந்த சீலன்ட்டும் அதை நிறுத்தியிருக்காது.

காரணம் கேன்வாஸைச் சுற்றி உள்பக்கமாக ஓடும் இலாஸ்டிக் கயிறு தளர்ந்துபோனதுதான். அந்தக் கயிறு துணியை உள்நோக்கி இழுத்துப் பிடித்தால்தான் மூடும்போது மடிப்பு உள்ளே விழும். கயிற்றை மாற்றினோம், ஈரம் நின்றது. உங்கள் வேனிலும் அதை முதலில் பாருங்கள். கூரையை இறக்கும்போது ஒரு கதவையோ ஜன்னலையோ திறந்து வையுங்கள். எல்லாம் சாத்தியிருந்தால் உள்ளே அகப்பட்ட காற்று வெளியேற வழி இல்லாமல் கேன்வாஸை வெளியே உப்பச் செய்யும். இறக்கிய பிறகு வேனை ஒரு சுற்று சுற்றி வந்து, வெளியே தெரியும் துணியை விரலால் உள்ளே தள்ளிவிட்டுப் பூட்டுங்கள். ஒரு நிமிட வேலை இது. ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

மடிப்பு இல்லை என்றால் அடுத்த சந்தேகம் பீடிங்கின் அழுத்தம். செய்தித்தாளை இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, பீடிங்கின்மேல் ஒரு சாண் இடைவெளியில் வைத்து, மூடியை இறக்கிப் பூட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். இறுகப் பிடித்திருந்தால் அங்கே ரப்பர் அழுந்துகிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. கீலுக்கு அருகேயும் இரண்டு பூட்டுகளுக்கு நடுவேயும்தான் இது அதிகம். பூட்டுப் பட்டையைக் கொஞ்சம் இறுக்கினாலே சில சமயம் போதும். ரப்பர் வெயிலில் தட்டையாகிக் கல்லாகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். புதிய பீடிங்கின் இரு முனைகளும் சேரும் இணைப்பை முன்பக்கம் வைக்காமல் பின்பக்கம், கீலை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். மூடிக்கும் கூரைக்கும் நடுவே வடிகால் இருந்தால் அதன் துளைகளையும் பாருங்கள். தூங்குமூஞ்சி மர இலை ஒன்று அடைத்தால் போதும், தண்ணீர் பீடிங்கைத் தாண்டிக் குதித்துவிடும்.

ஓட்டும்போது முன்பக்கம் சொட்டியது இதிலிருந்து வேறான கதை. நிற்கும் வேனில் தண்ணீர் தானாகக் கீழே வடியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காற்று அதை மூடியின் முன் உதட்டுக்கு அடியில் மேல்நோக்கித் தள்ளும். உதட்டின் கீழ் இன்னொரு ரப்பர் பட்டை ஒட்டுவதும், முன் பூட்டுகளை இறுக்குவதும் பலன் தரும். ஆனால் முன்கண்ணாடியின் மேல் விளிம்பையும் சந்தேகப்படுங்கள். அங்கே நுழைந்த நீர் உள்கூரைக்குள் ஓடி, மூடியிலிருந்து வருவதைப் போலவே தெரியும். புயல் மழையில் மட்டும் வந்த ஈரத்தை வைத்து எதையும் பிரிக்க வேண்டாம் என்பதும் என் கருத்து. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அந்த வாரம் பட்டறைக்கு வந்த பல வேன்கள் அடுத்து வந்த சாதாரண மழைகளில் ஒழுகவே இல்லை.

மழை இல்லாத நாள் ஈரம் உங்கள் மூச்சிலிருந்து வருகிறது. இதில் எனக்குச் சந்தேகம் குறைவு. இரண்டு பேர் ஓர் இரவு தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்குக் குறையாத நீர் காற்றில் கலக்கும். மார்கழி இரவில் நம் கடற்கரைக் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருப்பதால், ஃபைபர் சற்றுக் குளிர்ந்தாலே உள்பக்கம் வியர்த்துவிடும். ஒழுகல் நீர் ஒரு பாதையில் வரும். மூச்சு நீர் பரவலாகப் பனிபோல் படியும், விடியலில் அதிகமாக இருக்கும், திருகுத் தலைகளில் முதலில் துளிர்க்கும். எதிரெதிராக இரண்டு ஜன்னல்களை விரல் அகலம் திறந்து வைத்து ஓர் இரவு படுத்துப் பாருங்கள். மெத்தைக்கு அடியில் காற்றுப் புகும் வலைப்பாயும் உதவும். கூரை ஏசி இருந்தால் அதன் வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்தத் தண்ணீரை மழைநீர் என்று நம்பிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

கேன்வாஸைப் பற்றிச் சுருக்கமாக. பருத்தி கேன்வாஸ் புதிதாக இருக்கும்போது தையல் துளைகளில் கசியும். இரண்டு மூன்று முறை நனைத்துக் காயவிட்டால் நூல் உப்பித் தானே அடைத்துக்கொள்ளும். சலவைப் பவுடர் போட்டுத் தேய்த்தால் நீர் ஒட்டாத பூச்சு போய்விடும்; வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கூரையைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் தண்டுகள் வலுவிழந்தால் துணி தொய்ந்து அதில் தண்ணீர் தேங்கும். அப்போது மாற்ற வேண்டியது தண்டுகளை, துணியை அல்ல. மழையில் கூரையைத் தூக்கித் தங்குவதானால், கீல் உள்ள தாழ்ந்த பக்கம் காற்று வரும் திசையைப் பார்க்கட்டும். வாடைக்காலத்தில் உங்கள் வேனுக்கு அது பின்பக்கத்தை வடகிழக்கே வைப்பது.

இனி நீங்கள் கேட்ட சீலன்ட். ஏற்கெனவே அடித்திருப்பது காடி வாடை அடித்த சிலிக்கானாக இருந்தால், அதை முழுவதும் எடுத்துவிடுங்கள். அந்த வாடை அசிட்டிக் அமிலத்துடையது. வெறும் இரும்பில் பட்டால் துருவைத் தொடக்கிவைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்ட்டோ வேறு சீலன்ட்டோ பிடிக்காது. பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, 120 எண் உப்புத்தாள் போடுங்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் சிலிக்கான் இன்னும் இருக்கிறது. பரவி நின்றால் மேற்பரப்பு தயார்.

நான் பயன்படுத்துவது மூன்று பொருட்கள். திருகுகள் பிடித்திருக்கும் தட்டுகளுக்கு அடியில் பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டை. அது எப்போதும் இறுகாமல் மெழுகுபோல் இருப்பதால் அதிர்வில் விரிசல் விடாது. பலம் தாங்க வேண்டிய இணைப்புக்குக் கார் கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன். வெயில் நேராகப் படுமிடத்தில் அதன்மேல் பெயிண்ட் வேண்டும். வெயிலில் திறந்து கிடக்கும் இணைப்புக்கு எம்.எஸ். பாலிமர் என்ற வெயில் தாங்கும் சீலன்ட். எதுவானாலும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேலே பூசுவது சில மாதங்கள் தாங்கும், பிறகு ஓரம் தூக்கிக்கொண்டு தண்ணீரை உள்ளே தேக்கி வைக்கும். எனவே சோலார் பலகையின் காலில் ஒழுகினால் காலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மூடிக்குள் ப்ளைவுட் இருந்தால் திருகுத் துளையைப் பெரிதாக்கி, எபாக்சி நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் புதிய துளை போடுங்கள். இனி அந்தத் துளை கசிந்தாலும் மரம் நனையாது. ஃபைபரில் நட்சத்திர வடிவில் மெல்லிய கீறல்கள் இருந்தால் ஒரு நாணயத்தால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் கீறல் மேற்பூச்சோடு நிற்கிறது. மந்தமாகக் கேட்டால் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. அதற்கு மேட் (கண்ணாடி இழைப் பாய்) வைத்து ரெசின் ஊற்றி மீண்டும் வார்க்கும் வேலை தேவை. ஆனால் அடைமழைக் காலத்தில் அதைத் தொட வேண்டாம். ஈரம் வாங்கிய ஃபைபரில் ரெசின் பிடிக்காது. அலுமினிய முதுகுள்ள பியூட்டைல் டேப்பை ஒட்டிவிட்டுத் தை வெயில் வரை காத்திருங்கள்.

இங்கிருந்து என்னால் சொல்ல முடியாதது, வெட்டிய கூரையின் இரும்பு விளிம்பு எப்படி இருக்கிறது என்பது. வலுவூட்டும் சட்டத்துக்கு அடியில் அது மறைந்திருக்கும். வெட்டியவர் பிரைமர் அடித்தாரா இல்லையா என்பது சட்டத்தைக் கழற்றினால்தான் தெரியும். சட்டத்தின் ஓரத்தில் செம்பழுப்புக் கோடு வழிந்திருந்தாலோ, பெயிண்ட் கொப்புளித்திருந்தாலோ, மேலே எதையும் பூசாமல் நல்ல பாடி பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கடற்கரைக் காற்றில் அது காத்திருக்காது. அதற்கு முன் இந்த வாரமே மெத்தையைத் தூக்கிவிட்டு, படுக்கைப் பலகையின் வலது ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு சாணுக்கு ஒருமுறை அழுத்திக்கொண்டே போங்கள். நகம் உள்ளே இறங்கும் இடத்தில் கரித்துண்டால் குறியிடுங்கள். குறிகள் ஓரத்திலேயே நின்றால் ஒரு துண்டை வெட்டி மாற்றினால் போதும். பலகையின் நடுவரை போயிருந்தால், வேறு பலகை வரும்வரை அதில் யாரும் படுக்க வேண்டாம்.